நிறுத்துவதும் எழுப்புவதும்

அமேசான் நிறுவனத்தின் ஆர்டிஎஸ் என்னும் சேவையில் ஒரு தரவுத்தளச் சர்வரை வாடகைக்கு எடுத்திருப்பவர், அதனை ஒருமுறை நிறுத்தி மீண்டும் எழுப்ப விரும்பினால், தமது திரையில் உள்ள ஒரு பட்டியலைத் திறந்து, ‘ரீபூட்’ என்பதைத் தொட்டு, நிச்சயந்தானா என்று கேட்கும் சிறு பெட்டிக்கு ஆம் என்று பதில் சொன்னால் போதும். சர்வர் குடியிருக்கும் கட்டடம் மும்பையில் இருக்கலாம், ஹைதராபாத்தில் இருக்கலாம், அயர்லாந்தில் இருக்கலாம்; அதன் வாசலைக்கூட அவர் தம் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. முன்பெல்லாம் இதே காரியத்துக்குக் குளிரூட்டிய அறைக்குள் சென்று, யந்திரத்தின் முன் நின்று, அதன் விளக்குகள் அணைந்து எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே நிர்வாகி பெருமூச்சு விடுவார். இன்று சிரமம் போய்விட்டது. சிரமத்தோடு சேர்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்ற பிரக்ஞையும் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். தரவு அழிந்துவிடுமோ என்பதுதான் பொதுவாக எல்லாருக்கும் உள்ள அச்சம். அந்த அபாயத்தை அறிஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் தீர்த்துவிட்டார்கள். தீராமல் நிற்பது வேறொன்று. சர்வர் எழுந்த பிறகு அதைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தால் வரும் சங்கடம் அது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஏன் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி முதலில் எழுகிறது. சில காரணங்கள் சாதாரணமானவை. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொண்டால், தனக்கென எவ்வளவு நினைவகத்தை ஒதுக்கிக்கொள்வது, ஒரே சமயத்தில் எத்தனை கனெக்‌ஷன்களை ஏற்பது என்பன போன்ற அமைப்புகளை அது எழும்போது மட்டுமே வாசிக்கிறது. இடையில் மாற்றினால், அந்த மாற்றம் அடுத்த முறை எழும் வரை எழுத்தளவில்தான் இருக்கும். பாதுகாப்புக் குறைகளைத் திருத்தி வரும் புதிய பதிப்புகளின் கதையும் அதுவே. ஆனால் நடைமுறையில் பெரும்பாலோர் ரீஸ்டார்ட்டை நாடுவது இவற்றுக்காக அன்று. எதுவோ சரியில்லை, இன்னதென்று புலப்படவில்லை, ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையினால்தான்.

இது மூடநம்பிக்கை அன்று என்பதற்குத் தக்க விளக்கம், ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர், டேண்டம் கம்பெனியில் பணியாற்றிய காலத்தில், கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பதை ஆராய்ந்து 1985-இல் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. பிழைகளை அவர் இரு ஜாதியாகப் பிரித்துப் பேசினார். எத்தனை முறை செய்தாலும் அதே இடத்தில் அதே விதமாகத் தலைகாட்டுபவை ஒரு வகை. அவற்றுக்கு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெயரால் ‘போர்பக்’ என்று பெயர். தேடிப்போனால் மறைந்துவிடுபவை மற்றொரு வகை. அவற்றுக்கு மற்றோர் இயற்பியலாளரான ஹைசன்பர்க்கின் பெயரால் ‘ஹைசன்பக்’ என்று பெயர். முதல் வகை சோதனைகளிலேயே அகப்பட்டு ஒழிந்துவிடுவதால், பல காலம் உழைத்து முதிர்ந்த மென்பொருளில் மிஞ்சுவன பெரும்பாலும் இரண்டாம் வகைதான். அவையோ, இரண்டு வேலைகள் ஒரே க்ஷணத்தில் ஒன்றையொன்று இடறுவது போன்ற அபூர்வச் சேர்க்கைகளால் விளைபவையாதலால், நினைவகத்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் அந்தச் சேர்க்கை மறுபடியும் கூடிவருவது அரிது. ரீஸ்டார்ட் பலிப்பதன் ரகசியம் இதுதான்.

நோயோடு சேர்ந்து நோயின் தடயத்தையும் அது துடைத்துவிடுகிறது என்பதை மட்டும் மறக்கலாகாது. எந்தக் கேள்வி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, எது எதன் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீந்திருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளாமல் பொத்தானை அமுக்கும் நிர்வாகி, அடுத்த வாரமும் அதே பொத்தானை அமுக்குவார் என்பது என் துணிபு. டிஸ்க் நிரம்பியதுதான் உண்மையான வியாதி என்றால் நிலைமை இன்னும் மோசம். தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த சர்வர், நிறுத்திய பிறகு எழுந்திருக்கவே இடமில்லாமல் கிடக்கும்.

இனி, நிறுத்தும்போது தரவுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். தரவுத்தளம் தன் பக்கங்களை டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே திருத்துவதில்லை. போஸ்ட்கிரெஸில் 8 கிலோபைட்டும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பகுதியில் வழக்கமாக 16 கிலோபைட்டும் கொண்ட அந்தப் பக்கங்களை நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கே திருத்துகிறது. திருத்திய பக்கத்தைச் சாவகாசமாகப் பிறகு டிஸ்க்குக்குத் திருப்புகிறது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும், நினைவகத்தில் புதியதாகவும் டிஸ்க்கில் பழையதாகவும் உள்ள பக்கங்கள் ஏராளமாக இருக்கும். மின்சாரம் போனால் நினைவகம் வெறுமையாகிவிடும். அப்படியானால், பணம் கட்டியாயிற்று என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்ட பிறகு சர்வர் விழுந்துவிட்டால் கதி என்ன?

நம் ஊர்க் கடைகளில் கணக்கு எழுதிய பழைய முறையை அறிந்தவர்களுக்கு விடை எளிது. வியாபாரம் நடக்க நடக்க வரவு செலவுகளை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதிவிடுவார்கள். ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது கடை ஓய்ந்த பிறகு நடக்கும். பேரேடு ஒரு நாள் பின்தங்கியிருந்தாலும் நஷ்டமில்லை, சிட்டை இருக்கும் வரையில். தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் பக்கத்தில் பதிப்பதற்கு முன்னால் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி, பரிவர்த்தனை முடிந்தது என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதற்குள் அந்தப் பதிவு டிஸ்க்கில் ஊன்றிவிட்டதா என்று உறுதி செய்துகொள்கிறது. முன்கூட்டி எழுதும் இந்தப் பதிவேட்டின் விதியை ஜிம் கிரே 1978-ஆம் ஆண்டின் தமது குறிப்புகளிலேயே விவரித்திருக்கிறார்.

விதி எளிது, அதைக் கொண்டு மீட்பதுதான் கடினம். விழுந்த நேரத்தில் சில பரிவர்த்தனைகள் முடிந்திருக்கும், சில பாதியில் நின்றிருக்கும். முடிந்தவற்றுள் சில டிஸ்க்கை எட்டாமலும், முடியாதவற்றுள் சில எட்டியும் இருக்கும். இந்தச் சிக்கலை முறையாக அவிழ்த்த ஆராய்ச்சிக் கட்டுரை, ‘ஏரீஸ்’ என்ற பெயரில் 1992-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 70 பக்கங்கள் கொண்ட அதன் ஆசிரியர்களுள் முதல்வர் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து 1977-இல் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் கணினி இயலுக்கு வந்து, கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். அவருடைய முறையில் மீட்பு மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் பதிவேட்டை வாசித்து, விழுந்த கணத்தில் நிலைமை என்னவாக இருந்தது என்று அறிவது; அடுத்து, முடிந்தது முடியாதது என்ற பேதம் பாராமல், நடந்தது யாவற்றையும் நடந்த வரிசையில் மீண்டும் நடத்திக் காட்டுவது; அதன் பிறகே, முடியாமல் நின்றவற்றைப் பின்னோக்கி அழிப்பது. அழிக்கப்போகும் ஒன்றை எதற்காக மீண்டும் செய்ய வேண்டும் என்று தோன்றும். விழுந்த கணத்தின் நிலைமையை அப்படியே மீட்டுக்கொண்டால்தான், அதிலிருந்து அழிப்பது வழக்கமாக ஓடும் காலத்தில் ஒரு பரிவர்த்தனையை ரத்து செய்வதற்குச் சமமான காரியமாக ஆகிறது. இதிலும் நுட்பமானது, அழிப்பதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டே அழிப்பது. மீட்பின் நடுவே சர்வர் இன்னொரு முறை விழுந்தாலும், அதற்கு மேலும் ஒரு முறை விழுந்தாலும், செய்த வேலை வீணாவதில்லை, அழித்ததை மறுபடி அழிக்கும் விபரீதமும் நேர்வதில்லை.

ஆதலால் போஸ்ட்கிரெஸை நிறுத்த மூன்று வழிகள் இருப்பதும், அவற்றுள் மிகக் கடுமையானதுகூடத் தரவை அழிக்காமல் இருப்பதும் ஆச்சரியமன்று. ‘ஸ்மார்ட்’ என்ற முதல் வழியில், சர்வர் புதியவர்களை உள்ளே விடாமல், இருப்பவர்கள் தாமாக வெளியேறும் வரை காத்திருக்கும். கனெக்‌ஷனைத் திறந்து வைத்தபடியே மறந்துபோகும் நிரல்கள் மலிந்த இக்காலத்தில், இது முடிவில்லாத காத்திருப்பாகவே முடியும். ‘ஃபாஸ்ட்’ என்ற இரண்டாவது வழி, நடப்பவற்றை ரத்து செய்து, அனைவரையும் அனுப்பிவிட்டு, நினைவகத்தில் திருந்திய பக்கங்களை எல்லாம் டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு நிற்கும். ‘இம்மீடியட்’ என்ற மூன்றாவது, எதையும் இறக்காமல் அப்படியே சாய்ந்துவிடும். எழும்போது பதிவேட்டை வாசித்து மீள வேண்டும். மூன்றிலும் தரவு ஒன்றே, நேரம்தான் வேறு. இரண்டாவது வழியே நடுநிலையானது. அதிலும், நிறுத்துவதற்குச் சற்று முன்னால் செக்பாயிண்ட் கட்டளையை ஒருமுறை கொடுத்து, பக்கங்களில் பெரும்பகுதியைச் சேவை நடந்துகொண்டிருக்கும்போதே இறக்கிவைத்தால், கதவடைத்த பிறகு ஆக வேண்டிய வேலை மிகக் குறைந்துவிடும். இந்தச் சிறு உபாயத்தை அறியாமல், நிறுத்துவதற்கு ஏன் இத்தனை நிமிஷங்கள் என்று பதறி, இயங்குதளத்தின் வழியாகச் சர்வரின் கழுத்தை நெரிப்பவர்கள் உண்டு.

அரைகுறையான ஒரு பெரிய பரிவர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது தனி விஷயம். பழைய வரிசைகளைக் கைவிடாமல் வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸுக்கு ரத்து என்பது ஒரு குறிப்பளவே. இன்னோடிபியோ செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்ப மாற்றியாக வேண்டும். மூன்று மணி நேரம் ஓடிய ஒரு திருத்தத்தைக் கொன்றுவிட்டு, அது பின்வாங்குவதற்கு நேரமாகிறதே என்று சர்வரையும் ரீஸ்டார்ட் செய்தால், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே பின்வாங்கலைத் தொடரும். மிச்சமானது ஒன்றுமில்லை, போனது சேவை. காத்திருப்பதே அங்கே சாமர்த்தியம்.

பதிவேட்டின் மீதுள்ள இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. எழுதியது டிஸ்க்கில் ஊன்றிவிட்டதா என்று லினக்ஸ் இயங்குதளத்தைக் கேட்கும்போது, ஒருமுறை தோல்வி என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை கேட்கையில், எழுதாமலே வெற்றி என்று அது சொல்லக்கூடும் என்பதை 2018-இல் போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்கள் அறிந்து திடுக்கிட்டார்கள். அவர்கள் கண்ட தீர்வு, அப்படி ஒரு தோல்வி வந்தவுடன் சர்வர் தன்னைத்தானே விழச்செய்துகொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டும் எழ வேண்டும் என்பது. சந்தேகத்துக்கிடமான நினைவகத்தோடு ஓடுவதைக் காட்டிலும் விழுந்து எழுவதே பத்திரம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

கிளவுட்டில் இந்த அடிப்படைகள் ஒன்றும் மாறவில்லை, சுற்றுப்புறம் மாறியிருக்கிறது. ஆர்டிஎஸ்ஸில் இரு மண்டலங்களில் சர்வர் வைத்திருப்பவருக்கு, முதன்மைச் சர்வர் எழுதும் ஒவ்வொன்றும் உடனுக்குடன் வேறொரு மண்டலத்தில் உள்ள ஸ்டாண்ட்பை என்னும் மாற்றுச் சர்வரிலும் எழுதப்படுகிறது. ரீபூட் செய்யும்போது ‘ஃபெயில்ஓவர்’ என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுத்தால், பழையது எழும் வரை காத்திராமல், ஸ்டாண்ட்பையே முதன்மை ஸ்தானத்துக்கு வந்துவிடும். வழக்கமாக இதற்கு 60 முதல் 120 வினாடிகள் ஆகும், பெரிய பரிவர்த்தனைகள் நடுவில் சிக்கியிருந்தால் அதிகமும் ஆகும். சர்வரின் பெயர் மாறாது. பெயருக்குரிய முகவரிதான் டிஎன்எஸ் என்னும் முகவரி ஏட்டில் மாறும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஜாவாவில் எழுதிய சில நிரல்கள் ஒருமுறை கேட்டறிந்த முகவரியைத் தாம் நிற்கும் வரை விடாப்பிடியாக வைத்திருக்கும். சர்வர் ஒன்றரை நிமிஷத்தில் புதிய இடத்தில் ஆரோக்கியமாக எழுந்து நிற்க, நிரலோ பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும். முகவரியை 60 வினாடிக்கு மேல் ஞாபகத்தில் வைக்க வேண்டாம் என்று அமேசான் சொல்வதன் காரணம் இதுவே. இன்னொரு வேடிக்கை: செலவை மிச்சப்படுத்த ஆர்டிஎஸ் சர்வர் ஒன்றை நிறுத்தி வைத்தால், பராமரிப்பு தவறிவிடக் கூடாதென்று ஏழு நாள் கழித்து அதுவே எழுந்துகொள்ளும், மாதக் கடைசியில் கட்டணச் சீட்டைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்பவர்கள் அநேகர்.

சர்வர் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தரவு முழுமை, முகவரி சரி, ஆனால் நினைவகம் வெறுமை. நேற்று வரை நினைவகத்திலிருந்தே பதில் பெற்றுக்கொண்டிருந்த கேள்விகள் யாவும் இன்று டிஸ்க்கைத் தேடிப் போகின்றன. கிளவுட்டில் அந்த டிஸ்க்கும் பெரும்பாலும் வலைப்பின்னலுக்கு அப்பால் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து, நிறுத்தத்தின்போது காத்திருந்த அத்தனை நிரல்களும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைகின்றன. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு தனிச் செயல்முறையைப் பிறப்பிப்பதால், வரவேற்பதே பெரும் வேலையாகிறது. பதில் தாமதமானதும் பொறுமையிழந்த நிரல்கள் மறுபடி கேட்கின்றன. மறுபடி கேட்பதால் தாமதம் கூடுகிறது. நிர்வாகி, சர்வர் சரியாக எழவில்லை போலும் என்று மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறார். அதுவரை நிரம்பிய கொஞ்ச நினைவகமும் வெறுமையாகிறது.

2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கிய சரித்திரத்தில் இந்தச் சுழலின் முழு உருவத்தைக் காணலாம். யாரோ ஒரு சர்வரை ரீஸ்டார்ட் செய்ததால் வந்த வினை அன்று அது. தவறான ஓர் அமைப்பு மதிப்பைக் கண்ட நிரல்கள் யாவும், அதைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு, கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பில் இருந்ததை அழித்துவிட்டுத் தரவுத்தளத்தை நேரே கேட்டன. வினாடிக்கு லட்சக்கணக்கில் வந்த கேள்விகளால் தரவுத்தளம் திணறிப் பிழைச் செய்தி அனுப்ப, அந்தப் பிழையையும் தவறான மதிப்பு என்றே எடுத்துக்கொண்டு நிரல்கள் கேச்சை மீண்டும் அழித்தன. மூலக் காரணத்தைச் சரிசெய்த பிறகும் வெள்ளம் வடியவில்லை. கடைசியில், தளத்தையே மூடி, தரவுத்தளங்களுக்குப் போகும் கேள்விகளை அடியோடு நிறுத்தி, அவை மூச்சு விட்ட பிறகு, மக்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டார்கள். ரீஸ்டார்ட் செய்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். நிரல்கள் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபடி சற்றுத் தாறுமாறான இடைவெளி விட்டுத் திரும்பி வரவேண்டும். கனெக்‌ஷன்களைச் சேமித்துப் பகிர்ந்து கொடுக்கும் ஓர் இடைநிலை நிரல் நடுவில் இருக்கவேண்டும். முக்கியமான அட்டவணைகளை முன்கூட்டியே நினைவகத்துக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காரியத்துக்குப் போஸ்ட்கிரெஸில் ‘பிரீவார்ம்’ என்ற துணைக்கருவி இருக்கிறது. இன்னோடிபியோ நிற்கும்போதே, நினைவகத்தில் மிக அண்மையில் புழங்கிய பக்கங்களில், வழக்கமாகக் கால் பங்கின், பட்டியலை எழுதிவைத்து, எழும்போது அவற்றைத் தானே வரவழைத்துக்கொள்கிறது.

முதன்மை ஸ்தானத்தை மாற்றும் காரியத்தை யந்திரத்தின் பொறுப்பிலேயே விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்குக் கிட்ஹப் நிறுவனத்தின் அனுபவத்தைக் காட்டலாம். 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் அவர்களுடைய முதன்மைத் தரவு மையத்தின் தொடர்பு 43 வினாடிகள் அறுந்தது. அந்த இடைவெளியில் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் புதிய முதன்மைகளை நியமித்துவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில மேற்கை எட்டவில்லை. மேற்கிலோ புதியன எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்க்கவும் முடியாமல், ஒன்றை எறியவும் மனமில்லாமல், தரவின் தூய்மையே பிரதானம் என்று தீர்மானித்து அவர்கள் சேவையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிஷங்கள் ஆயின. தானியங்கி வேண்டாம் என்பது என் கட்சி அன்று. நிர்வாகி தாமே விரும்பிச் செய்யும் ரீஸ்டார்ட்டின்போது, பிரதி முற்றிலும் ஈடுகொடுத்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதற்கு ஆகும் அரை நிமிஷம் எவ்வளவு மலிவானது என்பதை இது காட்டுகிறது.

வீட்டுக்காரரே வந்து எழுப்பும் சந்தர்ப்பமும் உண்டு. 2014 செப்டம்பர் கடைசியில், சென் என்னும் அடிப்படை மென்பொருளில் கண்ட ஒரு பாதுகாப்புக் குறையை, அது பகிரங்கமாகும் முன்னரே அடைப்பதற்காக, அமேசான் தன் யந்திரங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவற்றைச் சில நாட்களுக்குள் ரீபூட் செய்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வைத்திருந்த 2700-க்கும் மேற்பட்ட கஸாண்ட்ரா தரவுத்தளச் சர்வர்களில் 218 இதில் அகப்பட்டன. அவற்றுள் 22 எழுந்திருக்கவே இல்லை. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேவை ஒரு கணமும் நிற்கவில்லை. காரணம், ஓடும் சர்வர்களை வேண்டுமென்றே அவ்வப்போது வீழ்த்திப் பார்க்கும் நிரல் ஒன்றை அவர்கள் வெகு நாட்களாகவே தங்கள் மேல் ஏவி வந்தார்கள்.

ஒரே முதன்மைச் சர்வரை நம்பி இருப்பவருக்கு அப்படி வீழ்த்திப் பார்க்கும் வசதி கிடையாது. ஒத்திகை பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை. முந்தைய நாள் எடுத்த ஸ்னாப்ஷாட் என்னும் நகலிலிருந்து ஒரு பிரதிச் சர்வரை எழுப்பி, அதன்மேல் வழக்கமான சுமையின் ஒரு பகுதியை ஏற்றி, ரீபூட் செய்து, முதல் கேள்விக்குப் பதில் வரும் வரை எத்தனை வினாடி, பழைய வேகம் திரும்பும் வரை எத்தனை நிமிஷம் என்று இரண்டையும் தனித்தனியாக அளந்துகொள்ளலாம். இரண்டாவது அளவையே பலர் எடுப்பதில்லை. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த டிஸ்க், ஒவ்வொரு துண்டையும் முதல்முறை தொடும்போதுதான் களஞ்சியத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளும் இயல்புடையது ஆகையால், ஒத்திகையில் கிடைக்கும் நேரம் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக வரக்கூடும். பராமரிப்பு அறிவிப்பில் அந்தக் கூடுதலான நேரத்தையே எழுதிவிடலாம்.